டாக்டர் சொன்னது ஸ்டென்டா, ஸ்டன்டா? வெட்டுக்காயமே இல்லாமல் செல் எப்படிச் சாகிறது?

தொண்ணூறடி முத்து, தாராவி

எல்லாருக்கும் வணக்கம். மருத்துவம் தெரிந்தவர்கள் யாராவது பதில் சொல்வீர்கள் என்று நம்பி எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

அப்பாவுக்கு 58 வயது. முப்பது வருடமாக இட்லி வியாபாரம். ராத்திரி இரண்டரைக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்தால் ஆறு மணிக்கு அலுமினிய டப்பாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாட்டுங்கா பக்கம் கிளம்பிவிடுவார். போன மாதம் ஒருநாள் விடிகாலை நாலு மணி சுமாருக்கு நெஞ்சில் அம்மிக்கல்லை வைத்த மாதிரி இருக்கிறது என்றார். வாய்வு என்று அவரே முடிவு கட்டி ஓமத்தண்ணீர் குடித்தார், அப்புறம் ஒரு சோடா. சட்டை நனைகிற அளவுக்கு வியர்த்தது, அடுப்புச் சூடு என்று நாங்களும் விட்டுவிட்டோம். அந்த நிலையிலும் ஆறு மணிக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பினார், சயான் ஸ்டேஷன் பக்கத்தில் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முதலில் தூக்கிக்கொண்டு போன இடத்தில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, மாரடைப்பு, இங்கே ஆஞ்சியோ வசதி இல்லை, வேறு இடம் போங்கள் என்றார்கள். அடுத்த இடத்தில் அடைப்பைத் திறந்தபோது மணி ஒன்பது தாண்டிவிட்டது. கணக்குப் பார்த்தால் ஐந்து மணி நேரம்.

மறுநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், "தோடா மஸில் டெட் ஹோ கயா, பாக்கி ஸ்டன்ட் ஹை, தேக்தே ஹைன்" என்று (கொஞ்சம் தசை செத்துவிட்டது, மீதி ஸ்டன்ட், பார்ப்போம் என்று அர்த்தம்) சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட் என்கிற சின்ன வலைக்குழாய் வைத்ததைத்தான் சொல்கிறார் என்று நினைத்துத் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் பேப்பரைப் படித்தால் ஸ்டென்ட் ஒரு வரியில் இருக்கிறது, ஸ்டன்ட் என்று இன்னொரு வரியில் தனியாக இருக்கிறது. அம்மா, "என்னடா, சினிமாவில் சண்டை போடுவார்களே அந்த ஸ்டன்டா?" என்கிறாள்.

என் சந்தேகம் இதுதான். கத்தி படவில்லை, அடி படவில்லை, சீழ் பிடிக்கவில்லை. உள்ளே இருந்த தசை எப்படிச் செத்தது? பாதி செத்தது, பாதி ஸ்டன்ட் என்றால் அந்த ஸ்டன்ட் ஆன பாதி பிழைக்குமா? எக்கோவில் ஈஎஃப் 38 என்று இருக்கிறது. இன்னொன்று, ரத்த ரிப்போர்ட்டில் எஸ்ஜிஓடி 212, எஸ்ஜிபிடி 48. பக்கத்து வீட்டு அண்ணாச்சி பார்த்துவிட்டு, "லிவரும் போச்சு போல" என்று சொல்லி அம்மாவை அழவைத்துவிட்டார்.

பழைய லேப்காரர், செம்பூர்

முத்து தம்பி, நான் டாக்டர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 31 வருடம் பேத்தாலஜி லேபில் டெக்னீஷியன். திசுவை மெழுகில் புதைத்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு கனத்துக்குச் சீவி, சாயம் ஏற்றி டாக்டர் மேசைக்கு அனுப்புகிற வேலை.

காயம் என்றால் வெட்டும் குத்தும்தான் என்று நினைக்கிறோம். செல்லுக்குப் பெரிய காயம் பட்டினிதான், அதிலும் ஆக்ஸிஜன் பட்டினி.

நம் மும்பையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஹைடைட் வந்தால் கடல் மட்டம் சாக்கடை வாயைவிட மேலே ஏறிவிடும், மழைத் தண்ணீர் தானாகப் போகாது. அதற்காகத்தான் ஹாஜி அலி, இர்லா என்று பம்பிங் ஸ்டேஷன் கட்டி வைத்திருக்கிறார்கள். மழை கொட்டுகிற நேரத்தில் பம்புக்குக் கரண்ட் போய்விட்டால் தெருவை யாரும் இடிக்க வேண்டாம், தண்ணீரே உள்ளே வந்துவிடும். செல்லும் அப்படிப்பட்ட ஒரு தாழ்வான ஊர்தான். சுற்றிலும் உப்புத் தண்ணீர். சவ்வு முழுக்கச் சின்னச் சின்ன பம்ப், ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். அதற்குக் கரண்ட் ஏடிபி. ஏடிபியைத் தயாரிப்பது மைட்டோகாண்ட்ரியா, அதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். இதயத் தசை செல்லில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இடத்தை மைட்டோகாண்ட்ரியாவே அடைத்துக்கொண்டிருக்கும் என்றால் அதன் பசி எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

அப்பாவுக்கு ரத்தக்குழாய் அடைத்த ஒரு நிமிடத்துக்குள் அந்தப் பகுதித் தசை சுருங்குவதை நிறுத்தியிருக்கும். சாகவில்லை, நின்றிருக்கிறது, அவ்வளவுதான். கரண்ட் போனால் உங்கள் வீட்டு கிரைண்டர் நிற்கிறதே, அதற்காக கிரைண்டர் கெட்டுப்போச்சு என்றா சொல்வீர்கள்? அப்புறம் பம்ப் நிற்கும், சோடியம் உள்ளே தங்கும், அதன் பின்னாலேயே தண்ணீர் வரும், ஊறப்போட்ட உளுந்து மாதிரி செல் உப்பும். ஆக்ஸிஜன் இல்லாமல் சர்க்கரையை அரைகுறையாக எரிப்பதால் உள்ளே புளிப்பு ஏறும். இதுவரைக்கும் எல்லாம் திரும்பக்கூடியது. இந்த நேரத்தில் ரத்தம் வந்துவிட்டால் செல் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு வேலையைப் பார்க்கும்.

முழு அடைப்பு என்றால் அந்த அவகாசம் இதயத் தசைக்கு இருபதிலிருந்து நாற்பது நிமிடம் என்பார்கள். மூளைச் செல்லுக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான். அதைத் தாண்டினால் கால்சியம். செல்லுக்கு வெளியே இருக்கிற கால்சியம் உள்ளே இருப்பதைப் போலப் பத்தாயிரம் மடங்கு, அணைக்கட்டு மாதிரி வெளியே நிறுத்தி வைத்திருக்கிறது. அது உடைந்து உள்ளே பாய்ந்தால், செல்லுக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருக்கிற நொதிகள் எழுந்துகொள்ளும். ஒன்று சவ்வைத் தின்னும், ஒன்று புரதத்தைத் தின்னும், ஒன்று டிஎன்ஏவை நறுக்கும். கடைசியில் செல்லைத் தின்பது அதன் சொந்த ஆட்களே.

ஒன்று சொல்கிறேன், நான் கண்ணால் பார்த்தது. போஸ்ட்மார்ட்டத்தில் எடுத்த இதயத்தைப் பஜ்ஜிக் கடை வாழைக்காய் மாதிரி வட்ட வட்டமாக நறுக்கி, டிடிசி என்று ஒரு ரசாயனம், அந்தக் கரைசலில் போடுவோம். சாதாரணமாகப் பார்த்தால் முழுத் துண்டும் ஒரே கறி நிறம், எங்கே செத்தது என்று யாராலும் காட்ட முடியாது. கொஞ்ச நேரத்தில் நல்ல தசை செங்கல் சிவப்பாக மாறும், செத்த இடம் மட்டும் வெளுத்தே நிற்கும். உயிருள்ள தசையில் இருக்கும் நொதிதான் அந்தச் சாயத்தைச் சிவப்பாக்குகிறது, செத்த தசையிலிருந்து அது கசிந்து போயிருக்கும். முதல் தடவை பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எல்லை அவ்வளவு சுத்தமாக இருந்தது, யாரோ பேனாவால் கோடு போட்ட மாதிரி.

எஸ்ஜிஓடி பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது மருந்து சாப்பிடும் நேரம்.

இயற்கைவழி ராஜன், முலுண்ட்

இவ்வளவு சுற்றி வளைக்க வேண்டாம். எல்லாச் செல்லும் கெடுவதற்கு ஒரே காரணம் ஃப்ரீ ராடிக்கல், அதாவது செல்லுக்குள் கண்டதையும் தாக்கித் திரியும் மூலக்கூறு. ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை, வைட்டமின் இ, பீட்டா கரோட்டின் எடுத்துக்கொண்டு ஒரு மாதம் டீடாக்ஸ் கஷாயம் குடித்தால் செத்த செல் எல்லாம் புதுசாக முளைக்கும். என்னிடம் ஒரு பொடி இருக்கிறது, தனியாகச் செய்தி அனுப்புங்கள்.

சிசியு கல்யாணி, டோம்பிவலி

முத்து அண்ணா, நான் பன்னிரண்டு வருடமாக இதய ஐசியுவில் நர்ஸ். அந்தப் பொடிக்காரருக்குத் தயவுசெய்து செய்தி அனுப்பாதீர்கள். அப்பா இப்போது ஐந்தாறு மாத்திரை சாப்பிடுகிறார், அதன் நடுவில் என்னவென்று தெரியாத கஷாயத்தை ஊற்றினால் கிட்னியும் லிவரும்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஸ்டன்ட் என்றால் அடி வாங்கி மயங்கி நிற்பது. ரத்தம் திரும்பி வந்துவிட்டது, செல் உயிரோடு இருக்கிறது, ஆனால் சுருங்க மறந்து நிற்கிறது. கன்னத்தில் பளாரென்று அறை வாங்கியவன் கொஞ்ச நேரம் பேச்சு வராமல் நிற்பானே, அது. எக்கோவில் பார்த்தால் செத்த சுவரும் அசையாது, ஸ்டன்ட் ஆன சுவரும் அசையாது, இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். அதனால்தான் உங்கள் டாக்டர் "தேக்தே ஹைன்" என்றார், தட்டிக்கழிக்கவில்லை. மயக்கம் தெளிய நாள் கணக்கிலும் ஆகும், வாரக் கணக்கிலும் ஆகும். அதற்காகத்தான் ஆறு வாரம் போல விட்டு மறுபடி எக்கோ எடுக்கச் சொல்வார்கள். ஈஎஃப் என்றால் இதயம் ஒரு துடிப்பில் தன்னிடம் இருக்கும் ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகிறது என்கிற கணக்கு, அந்த 38 கடைசி நம்பர் இல்லை.

செத்த பகுதியைப் பற்றி உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், அவசரத்தில் விட்டுப்போகிற விஷயம் இது. செத்த தசையை உடம்பு அப்படியே வைத்திருக்காது. முதல் இரண்டு மூன்று நாள் வெள்ளையணுக்கள் கூட்டமாக வரும், அப்புறம் குப்பை அள்ளுகிற செல்கள் வந்து செத்ததை விழுங்கும். பழைய சுவரை இடித்தாயிற்று, புதுச் சுவர் இன்னும் எழும்பவில்லை என்கிற இடைவெளி ஒன்று வரும், அந்த வாரம்தான் சுவர் ரொம்ப மெலிவு. தழும்பு கெட்டியாக ஏறக்குறைய இரண்டு மாதம். வெளியே ஒரு காயமும் தெரியாததால் நோயாளிக்கு "நான் நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றும். எங்கள் வார்டில் மூன்றாம் நாளே பாத்ரூம் பக்கெட்டைத் தூக்கப் பார்த்த ஆட்கள் எத்தனை பேர். உங்கள் அப்பா மாவு அண்டாவைத் தூக்கும் ஜாதி என்று எழுத்திலேயே தெரிகிறது, டாக்டர் சரி என்று சொல்லும்வரை தூக்க விடாதீர்கள். ஸ்டென்டுக்குக் கொடுத்த ரத்தம் உறையாமல் பார்க்கும் மாத்திரைகளை ஒரு வேளைகூட நீங்களாக நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று, கோபத்தோடு சொல்கிறேன், உங்கள் மேல் இல்லை. வாய்வு, ஓமத்தண்ணீர், சோடா என்கிற கதையை வாரத்துக்கு மூன்று பேராவது சொல்கிறார்கள். நெஞ்சில் பாரம், கூடவே குளிர்ந்த வியர்வை என்றால் உடனே 108.

சயான் பிஜி

பேத்தாலஜி இரண்டாம் வருட பிஜி, அதாவது மேல்படிப்பு மாணவன். லேப்காரர் சார் சொன்னது ரொம்ப அழகு, டிடிசி பகுதியைப் படித்ததும் எங்கள் டிஸெக்ஷன் மேசை ஞாபகம் வந்துவிட்டது. ஒரே ஒரு சின்னத் திருத்தம்.

இருபது நாற்பது நிமிடம் என்றதும் அப்பாவுக்கு ஐந்து மணி நேரம் ஆனதால் எல்லாமே போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். மொத்தத் தசையும் ஒரே நேரத்தில் சாகாது. 1977ல் ரைமர், ஜென்னிங்ஸ் குழுவினர் நாய்களின் இதயத்தில் ரத்தக்குழாயை வெவ்வேறு நேரம் கட்டிவைத்துப் பார்த்தார்கள். உள் அடுக்கில்தான் சாவு தொடங்குகிறது, அங்கிருந்து அலை மாதிரி வெளி அடுக்கை நோக்கி மணிக்கணக்கில் நகர்கிறது. ஓரங்களில் பக்கத்துக் குழாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் ரத்தம் கசிந்து வரும், அதைப் பிடித்துக்கொண்டு சில செல்கள் தாக்குப்பிடிக்கும். ஆகவே மூன்றாம் மணியில் திறந்தால் ஒரு கணக்கு, ஐந்தாம் மணியில் இன்னொரு கணக்கு, பன்னிரண்டாம் மணியில் வேறு கணக்கு.

செல் எந்த நொடியில் செத்தது என்று ஒரு கோடு கிழிக்கவும் முடியாது. இரண்டு விஷயத்தை அடையாளமாக வைத்திருக்கிறோம். ஆக்ஸிஜன் திரும்பி வந்த பிறகும் மைட்டோகாண்ட்ரியா எழுந்திருக்காத நிலை, சவ்வு கிழிந்து உள்ளே இருப்பது வெளியே ஒழுகும் நிலை. மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் ட்ரோபோனின் ஏறுவது இந்த ஒழுகலால்தான். அது தசைக்குள் இருக்க வேண்டிய புரதம், ரத்தத்தில் அதற்கு வேலையே இல்லை. அடைப்பு வந்து மூன்று நாலு மணி நேரம் கழித்துத்தான் ரத்தத்தில் ஏறித் தெரியும், ஒரு வாரத்துக்கு மேலும் இறங்காமல் நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை. செல் செத்து சில மணி நேரம் ஆன பிறகும் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நல்லாவே இருக்கும். நாலு மணி நேரத்திலிருந்து பன்னிரண்டு மணி நேரத்துக்குள்தான் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். செல் வழக்கத்தைவிட ரோஸ் நிறம் ஏறும், நியூக்ளியஸ் சுருங்கிக் கறுக்கும், பிறகு நொறுங்கும், கடைசியில் கரைந்து காணாமல் போகும். இதயத்தில் செத்த செல் தன் வடிவத்தை மட்டும் சில நாள் விடாமல் வைத்திருக்கும். முத்து அண்ணாவுக்குப் புரிகிற மாதிரி சொன்னால் வெந்த இட்லி. உருவம் அப்படியே இருக்கிறது, ஆனால் அதை மறுபடி மாவாக்க முடியாது. மூளையில் செத்தால் இப்படி இருக்காது, அந்த இடம் கரைந்து கூழாகிவிடும். டிபியில் செத்த திசு பனீரை உதிர்த்த மாதிரி இருக்கும். ஒரே சாவு, உறுப்புக்கு உறுப்பு சடலம் வேறு.

ஃப்ரீ ராடிக்கல் பற்றி ராஜன் சார் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. அடைத்த குழாயைத் திறந்து ரத்தம் திடீரென்று பாயும்போது, அடிபட்ட மைட்டோகாண்ட்ரியா அந்த ஆக்ஸிஜனைச் சரியாகக் கையாள முடியாமல் ராடிக்கலாகக் கக்கும். காப்பாற்ற வந்த ரத்தமே கொஞ்சம் செல்லைக் கொல்லும். பட்டினி கிடந்தவனுக்கு ஒரேயடியாக விருந்து வைத்த கதை. அதற்காகக் குழாயைத் திறக்காமல் விட முடியுமா? திறந்தால் பிழைக்கும் செல்தான் மிக அதிகம். ஆனால் செல் கெடுவதற்கு ஒரே காரணம் அதுதான் என்பது தப்பு. நெருப்பு, கதிர்வீச்சு, கிருமி, விஷம், நம் சொந்த எதிர்ப்பு சக்தியே திரும்பி அடிப்பது, சத்துக்குறைவு, பிறவிக் கோளாறு என்று வாசல்கள் நிறைய. எந்த வாசலில் வந்தாலும் கடைசியில் போய் அடிப்பது மைட்டோகாண்ட்ரியா, சவ்வு, கால்சியம், டிஎன்ஏ, புரதம் என்று அந்த நாலைந்து இடத்தைத்தான்.

பழைய லேப்காரர், செம்பூர்

தம்பி பிஜி, திருத்தத்துக்கு நன்றி, நாய் ஆராய்ச்சி எனக்குத் தெரியாது.

முத்து, எஸ்ஜிஓடி விஷயம். அந்த நொதி லிவருக்கு மட்டும் சொந்தமில்லை, இதயத் தசையிலும் இருக்கிறது, கை கால் தசையிலும் இருக்கிறது. ட்ரோபோனின் எல்லாம் வருவதற்கு ரொம்ப முன்னால், 1954ல், மாரடைப்பு வந்தவர்களின் ரத்தத்தில் முதன்முதலில் கண்டுபிடித்த நொதியே இதுதான். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில்கூட ஹார்ட் கேஸ் என்றால் எஸ்ஜிஓடி போடு என்று எழுதி அனுப்பும் வயதான டாக்டர்கள் இருந்தார்கள். லிவர் கெட்டால் பெரும்பாலும் கூடவே எஸ்ஜிபிடியும் நன்றாக ஏறும், அதுதான் லிவருக்கு நெருங்கின சொந்தம். அப்பாவுக்கு ஒன்று 212, இன்னொன்று 48. என் கண்ணுக்கு இது இதயத்திலிருந்து ஒழுகினது. டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அம்மாவை இன்றைக்கே சாப்பிடச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கு என் வணக்கம், இனிமேல் ரிப்போர்ட்டை அவரிடம் காட்ட வேண்டாம்.

ராஜன் அவர்களுக்கு. பீட்டா கரோட்டினைப் பின்லாந்தில் புகைபிடிக்கிற 29,000 ஆண்களை வைத்துப் பல வருடம் சோதித்தார்கள். 1994ல் முடிவு வந்தது. நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று நினைத்து ஆரம்பித்தது, அந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 18 சதவீதம் கூடியிருந்தது. நம் வெள்ளையணு கிருமியைக் கொல்வதற்கே ராடிக்கலைத்தான் தயாரித்துப் பயன்படுத்துகிறது. எல்லா ராடிக்கலையும் ஒழித்துவிட்டு என்ன செய்வீர்கள்? கீரையும் பழமும் சாப்பிடச் சொன்னால் நானும் கூடவே சொல்வேன். பொடி வேண்டாம்.

இயற்கைவழி ராஜன், முலுண்ட்

எல்லாம் கம்பெனிக்காரன் ஆராய்ச்சி.

மாட்டுங்கா மீனாட்சி

நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். முத்து தம்பி, உங்கள் அப்பா இட்லியை நாங்கள் சாப்பிட்டிருக்கிறோம் என்று நினைக்கிறேன், கோயில் பக்கம் வருவாரே, தேங்காய்ச் சட்னியில் கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டிருக்கும். சீக்கிரம் குணமாகட்டும்.

எனக்கு ஒரு கேள்வி. விஷம் என்று பிஜி தம்பி சொன்னாரே. என் மகன் ஐடியில் வேலை, தலைவலி என்று தினமும் இரண்டு பாராசிட்டமால் போடுகிறான். லிவர் செல் செத்துப்போகும் என்று எங்கேயோ படித்தேன், உண்மையா?

சயான் பிஜி

மீனாட்சி அம்மா, இரண்டு மாத்திரை போட்டால் லிவர் செத்துவிடாது, பயப்படாதீர்கள். ஆனால் நீங்கள் கேட்டது பேத்தாலஜியில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை, ஏனென்றால் அங்கே விஷத்தைத் தயாரிப்பது லிவர்தான்.

பாராசிட்டமால் அப்படியே இருந்தால் சாது. லிவர் அதை உடைத்து வெளியேற்றும்போது ஒரு சின்னப் பங்கு மட்டும் நாப்கீ என்கிற பொல்லாத பொருளாக மாறும். அதை உடனே அமுக்க குளூட்டாதயோன் என்று ஒரு காவல்காரன் லிவர் செல்லுக்குள் இருக்கிறான். அளவோடு சாப்பிட்டால் காவல்காரன் சமாளித்துவிடுவான், வெளியே யாருக்கும் தெரியாது. ஒரேயடியாக நிறையச் சாப்பிட்டால் குளூட்டாதயோன் தீர்ந்துவிடும், அப்புறம் நாப்கீ செல்லின் புரதங்களைப் பிடித்து ஒட்டிக்கொள்ளும், மைட்டோகாண்ட்ரியா விழும். பயங்கரம் என்னவென்றால் முதல் நாள் ஆளுக்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது, குமட்டல் மட்டும் இருக்கலாம், லிவர் அடிபட்டது அடுத்தடுத்த நாளில்தான் தெரியும். விஷமுறிவு மருந்து இருக்கிறது, அசிட்டைல் சிஸ்டைன், குளூட்டாதயோனை மறுபடி நிரப்புவதற்கு. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரொம்ப நன்றாக வேலை செய்யும்.

ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம். தினமும் குடிக்கிறவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள், லிவர் நோய் உள்ளவர்களுக்கு அதைவிடக் குறைவு. சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை விடுங்கள், தினமும் ஒருவனுக்குத் தலை வலிக்கிறது என்றால் அதற்குத்தான் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தொண்ணூறடி முத்து, தாராவி

எல்லாருக்கும் நன்றி. மீனாட்சி அம்மா, அவர்தான் என் அப்பா, இஞ்சிச் சட்னி என்றதும் படித்துக் காட்டினேன், படுத்தபடியே சிரித்தார். எஸ்ஜிஓடி விஷயத்தை டாக்டரிடமும் கேட்டேன், ஹார்ட்டிலிருந்து வந்ததுதான் என்றார். அம்மா இரண்டு நாள் கழித்துக் குழம்பு வைத்தாள்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி. கையில் தோசைக்கல் சுட்டால் பத்து நாளில் புதுத் தோல் வந்துவிடுகிறது. லிவரை வெட்டிக் கொடுத்தாலும் வளர்கிறது என்கிறார்கள். இதயம் மட்டும் ஏன் தழும்போடு நின்றுவிடுகிறது?

சயான் பிஜி

தோலில் அடியில் ஒரு வரிசைச் செல் வாழ்நாள் முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கும், அது அதன் தினசரி வேலை. லிவர் செல் சும்மா இருக்கும், தேவை வந்தால் பிரியும், மூன்றில் இரண்டு பங்கை எடுத்தாலும் மீதி வளர்ந்து ஈடுகட்டிவிடும். இதயத் தசை செல் பிறந்த கொஞ்ச காலத்திலேயே பிரிவதை ஏறக்குறைய நிறுத்திவிடும். பிரிவதற்கு நேரம் எங்கே, நாளைக்கு ஒரு லட்சம் தடவை சுருங்க வேண்டும்.

ஏறக்குறைய என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன் 14 ஏறியது, சோதனை நின்றதும் படிப்படியாக இறங்கியது. ஒரு செல் பிறந்த வருடத்துக் காற்றின் கார்பன் அதன் டிஎன்ஏவில் பதிந்திருக்கும், மரத்துக்கு வளையம் மாதிரி. சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் இதை வைத்து இதயச் செல்களின் வயதைக் கணக்கிட்டு 2009ல் வெளியிட்டார்கள். 25 வயதில் வருடத்துக்கு ஒரு சதவீதம் இதயத் தசை செல் புதுசாகிறது, 75 வயதில் 0.45 சதவீதம். முளைக்கிறது, ஆனால் மாரடைப்பில் போனதை நிரப்புகிற வேகம் இல்லை.

அப்புறம் செல் சாவதே கெட்டது என்றும் நினைக்காதீர்கள். இதுவரை பேசினது கொலை. ஒழுங்கான சாவு ஒன்றும் இருக்கிறது, அப்போப்டோசிஸ் என்று 1972ல் பெயர் வைத்தார்கள், இலை உதிர்வதைச் சொல்லும் கிரேக்க வார்த்தை. கருவில் நம் விரல்களுக்கு நடுவில் வாத்துக்கால் மாதிரி சவ்வு இருந்தது, அந்தச் செல்கள் வேளை வந்ததும் தாங்களே சுருங்கி, துண்டு துண்டாகப் பொட்டலம் கட்டிக்கொண்டு போய்விட்டதால்தான் ஐந்து விரல் தனித்தனியாக இருக்கிறது. அதில் ஒழுகல் இல்லை, வீக்கம் இல்லை, பக்கத்துச் செல் பொட்டலத்தை விழுங்கிவிட்டு வேலையைப் பார்க்கும். மாரடைப்பிலும் ஓரத்துச் செல்கள் சில இந்த வழியில் போவதுண்டு.

சிசியு கல்யாணி, டோம்பிவலி

எக்கோ எடுத்ததும் இங்கே வந்து நம்பரைச் சொல்லுங்கள் அண்ணா. மறக்காதீர்கள்.

தொண்ணூறடி முத்து, தாராவி

கல்யாணி சிஸ்டர், நேற்றுத்தான் எக்கோ எடுத்தோம். ஈஎஃப் 46. சுவரில் ஒரு பகுதி இன்னும் அசையவில்லை, அது தழும்பு, அது அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். பக்கத்துப் பகுதி முன்னால் சும்மா நின்றது, இப்போது அசைகிறது. நானே திரையில் பார்த்தேன், டாக்டர் விரலை வைத்துக் காட்டினார், "யே வாலா ஸ்டன்ட் தா" என்றார், இதுதான் ஸ்டன்ட் ஆகியிருந்தது என்று அர்த்தம். இந்தத் தடவை சரியாகக் காதில் விழுந்தது.

இப்போதைக்கு மாமா பையன்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாட்டுங்கா போகிறான். அப்பாவை அண்டா பக்கம் விடுவதில்லை. ராத்திரி இரண்டரைக்கு மட்டும் எழுந்து வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறார், உளுந்து பதம் போதாது, இன்னும் பத்து நிமிடம் ஓடட்டும் என்கிறார்.